மூச்சும் கண்ணும்

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் எங்கள் இல்லத்தில் பேச்சு அருகிப் போயிற்று. மருத்துவ நுழைவுத் தேர்வின் முடிவு வந்திருந்தது. எங்கள் மகளுக்கு அது இரண்டாம் முறை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு அம்முறையும் மதிப்பெண் அமையவில்லை. மூன்றாம் முறையும் எழுத வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இனி எழுதுவதில்லை என்பது அவள் முடிவு. இரண்டுக்கும் நடுவே தில்லி வெயிலும், ஓயாமல் இரைந்துகொண்டிருந்த ஏர் கூலரும் மட்டுமே இருந்தன.

‘நாங்கள்’ என்று இங்கு எழுதுவது கணவனும் மனைவியுமாகிய எங்கள் இருவரையும் குறிக்கும். ஒருவர் மைய அரசின் அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலம் கழிப்பவர். மற்றவர் அவர் கொண்டுவரும் ஊதியத்தை மாதக் கடைசிவரை இழுத்துச் செல்லும் வித்தை கற்றவர். எழுதும் கை ஒன்றே ஆயினும், சொல்லப் புகும் செய்தி இருவருக்கும் பொது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். மின்சாரம் நின்று கூலரும் ஓய்ந்திருந்தது. மகள் பரணிலிருந்து பல்லாங்குழிப் பலகையை இறக்கினாள். நெல்லைச் சீமையிலிருந்து சீரோடு வந்த பலகை அது. தில்லிக்கு வந்தபின் அதைத் தொட்டவர் இல்லை. பலகையை ஒதுக்கிவிட்டு, அதனோடு கட்டி வைத்திருந்த சோழிகளையும் புளியங்கொட்டைகளையும் மட்டும் தரையில் கொட்டினாள். பழைய மாதக் காலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் அடிக்கோல் வைத்து நெடுக்கில் 9 கோடும் குறுக்கில் 9 கோடும் வரைந்தாள்.

“என்னம்மா இது?” என்று கேட்டோம். பல நாட்களுக்குப் பின் நாங்கள் அவளிடம் கேட்ட, தேர்வைப் பற்றியதல்லாத முதற் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

“கோ என்று ஓர் ஆட்டம். ஜப்பானில் ஆடுவார்கள். அம்மா, நீ இப்படி வந்து உட்கார். அப்பா, நீங்களும் வாருங்கள், சொல்லித் தருகிறேன்.”

இருபது ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுக்கும் இடத்திலேயே இருந்து பழகியவர்கள் நாங்கள். வாய்பாடு முதல் வேதியியல் வரை, தெரிந்ததையும் தெரியாததையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். மாணாக்கராக அவள் முன் அமர்ந்தது அன்றுதான்.

இவ்வாட்டம் பிறந்தது சீனத்தில். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே சீன நூல்களில் இதன் குறிப்பு வந்துவிட்டது. அங்கு இதன் பெயர் ‘வெய்ச்சி’. வளைத்துச் சூழும் ஆட்டம் என்பது பொருள். கொரியர் ‘பாதுக்’ என்பர். ஜப்பானியர் ‘இகோ’ என்றும் ‘கோ’ என்றும் வழங்குவர். நரம்பிசை, எழுத்தணி, ஓவியம் ஆகியவற்றோடு இதனையும் சேர்த்து, கற்றோர்க்கு உரிய நாற்கலைகளுள் ஒன்றாகச் சீனர் போற்றினர். கன்பூசியசின் உரைத்தொகுப்பு மட்டும் சற்றே கஞ்சத்தனம் காட்டுகிறது. வயிறார உண்டு வாளாவிருப்பதினும் இத்தகைய ஆட்டம் ஆடுவது மேல் என்னும் கருத்து அதில் வருகிறது. இதைப் பாராட்டாகக் கொள்வதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

முறையான பலகையில் 19 கோடுகளும் 19 கோடுகளும் வெட்டி 361 சந்திகள் உண்டாகும். கறுப்புக் காய் 181, வெள்ளைக் காய் 180. கறுப்பே முதலில் ஆடும். ஜப்பானில் உயர்தரக் காய்களைக் கறுப்புக்குப் பலகைக் கல்லாலும் வெள்ளைக்குச் சிப்பியாலும் செய்கிறார்கள். கண்ணுக்கு வெள்ளை சற்றுப் பெரிதாகத் தோன்றும் என்பதனால் கறுப்பை ஒரு மயிரிழை பெரிதாக வைப்பார்களாம். எங்கள் சோழிகளோ புளியங்கொட்டையைவிட இரு மடங்கு பெரியவை; அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கற்போர்க்கு 81 சந்திகள் உடைய 9 கோட்டுப் பலகையே போதும்.

விதிகளை அரைமணி நேரத்தில் சொல்லி முடித்துவிட்டாள். காய்களைக் கட்டத்துக்குள் வைப்பதில்லை. கோடுகள் வெட்டும் சந்தியில் வைக்க வேண்டும். ஆளுக்கொரு முறை, முறைக்கு ஒரு காய். வைத்த காய் நகராது. அதற்கு அடுத்து மேலும் கீழும் வலமும் இடமுமாக உள்ள வெற்றுச் சந்திகளே அதன் மூச்சு. மூச்சு என்பது நாங்கள் இட்ட பெயரன்று; சீனரே இதனை மூச்சைக் குறிக்கும் ‘ச்சி’ என்னும் சொல்லால்தான் குறிக்கின்றனர். நடுப்பலகையில் தனித்து நிற்கும் காய்க்கு 4 மூச்சு, ஓரத்தில் 3, மூலையில் 2. மூச்சு அனைத்தையும் எதிராளி அடைத்துவிட்டால் காயைப் பலகையிலிருந்து எடுத்துவிடுவார். ஒரே நிறக் காய்கள் கோட்டின் வழியே தொட்டு நின்றால் அவை ஓருடல், மூச்சும் பொது, போனால் எல்லாம் ஒன்றாகப் போகும். மூலைவிட்டமாக நிற்பவை தொட்டனவாகா. ஒரே மூச்சு எஞ்சி நிற்கும் நிலைக்கு ஜப்பானியர் இட்ட பெயர் ‘அத்தாரி’. 1972-இல் அமெரிக்காவில் தோன்றிய வீடியோ விளையாட்டு நிறுவனம் ஒன்று இச்சொல்லையே தன் பெயராக வைத்துக்கொண்டது.

எங்களுள் வீட்டை ஆள்பவர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிறுமியாய் இருந்தபோது கோயில் மண்டபத்துத் தரையில் செதுக்கியிருந்த கோடுகளில் ஆடுபுலி ஆட்டம் ஆடித் தேர்ந்தவர் அவர். 3 புலி, 15 ஆடு. ஆடுகளைச் சந்திகளில் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும்; புலி தாண்டி வெட்டும்; புலியை அசையவிடாமல் ஆடுகள் நெருக்கி அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. சற்று நேரம் காகிதத்தைப் பார்த்திருந்துவிட்டு, “இதில் புலியே இல்லையே! எல்லாம் ஆடுதான்” என்றார். மகள் சிரித்துவிட்டாள். தேர்வு முடிவு வந்தபின் அவள் சிரித்துப் பார்த்தது அப்போதுதான்.

அலுவலகம் செல்பவரோ, காய்களைப் பிடிப்பதே ஆட்டம் என்று எண்ணிக்கொண்டு மகளின் சோழிகளைத் துரத்தத் தொடங்கினார். ஒன்றைத் துரத்திக்கொண்டு போவதற்குள் அவள் இரண்டு மூலைகளைத் தன்வசமாக்கிவிடுவாள். ஆட்டத்தின் நோக்கம் பிடிப்பதன்று, நிலம் வளைப்பது என்று அவர் உணர ஒரு வாரம் ஆயிற்று. 9 சந்திகள் கொண்ட சதுர நிலத்தை மூலையில் வளைக்க 6 காய் போதும். ஓரத்தில் 9 வேண்டும். நடுவில் 12 வேண்டும். பலகையின் விளிம்பே மூலையில் இரண்டு பக்கச் சுவராக நின்றுவிடுகிறது. ஆதலால் மூலை, பிறகு ஓரம், பிறகு நடு என்பது தேர்ந்தோர் கொள்ளும் ஒழுங்கு. மதிலை வளைப்பது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி என்று நம் புலவர்கள் பிரித்து வைத்தனர். இங்கோ ஒரே காய் ஒரே நேரத்தில் உழிஞையும் சூடும், நொச்சியும் சூடும்.

இன்னொரு விதி எங்களை வியப்பில் ஆழ்த்தியது. சில நிலைகளில் என் காய் ஒன்றை நீ எடுக்க, எடுத்த உன் காயை உடனே நான் எடுக்க, மீண்டும் நீ எடுக்க என்று முடிவின்றிச் சுழல இடம் உண்டு. இதைத் தடுக்க ஒரு விதி: எடுத்த இடத்தில் உடனே திருப்பி எடுத்தல் ஆகாது, பலகையில் வேறோர் இடத்தில் ஒரு முறை ஆடிவிட்டு, அதன்பின்தான் இங்கு வரலாம். இந்நிலைக்கும் ஜப்பானியப் பெயர் ‘கோ’தான். அவர்கள் ஒலிப்பில் ஆட்டத்தின் பெயர் வேறு, விதியின் பெயர் வேறு. நம் எழுத்தில் ககரம் ஒன்றே ஆதலால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. வடமொழிக் ‘கல்பம்’ பௌத்த நூல்களின் வழியே சீனம் சென்று ‘ச்சியே’ ஆகி, ஜப்பானில் ‘கோ’ ஆயிற்று. பிரமனுக்கு ஒரு பகல், நமக்கு 432 கோடி ஆண்டு என்று புராணங்கள் கணக்கிடும் அதே கல்பம். இதை அறிந்த நாள் முதல் அவ்விதியை நாங்கள் ‘கற்பம்’ என்றே வழங்குகிறோம்.

அப்போது எங்கள் வீட்டில் இரவுதோறும் நடந்ததும் ஒரு கற்பமே. உணவுக்குப் பின் நாங்கள், “இன்னும் ஓர் ஆண்டுதானே?” என்போம். அவள், “இரண்டு ஆண்டு போதும்” என்பாள். நாங்கள் பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்வோம். அவள் எழுந்து போய்விடுவாள். மறுநாளும் அதே சொற்கள், அதே வரிசை. வேறோர் இடத்தில் ஆடிவிட்டு வரவேண்டும் என்னும் விதி எங்களுக்கு இல்லை. மாலைகளில் காலண்டர்த் தாள் விரிந்த பிறகு அந்த உரையாடல் தள்ளிப்போயிற்று. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டோம்.

கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. என் காய்கள் வட்டமாக நின்று உள்ளே ஒரு சந்தியை வெறுமையாக வைத்திருந்தால் அது ஒரு கண். வெளிமூச்சுகளை எல்லாம் அடைத்தபின் எதிராளி அந்தக் கண்ணிலும் தன் காயை வைத்தால் என் கூட்டம் முழுவதும் பிடிபடும். ஆனால் தனித்தனியே இரண்டு கண்கள் இருந்தால் அவர் ஒன்றும் செய்ய இயலாது. ஒரு கண்ணில் காய் வைத்தால் மற்றக் கண் மூச்சாக எஞ்சி நிற்கும். மூச்சற்ற இடத்தில் தன் காயைத் தானே வைத்துச் சாவதற்கு விதி இடந்தராது. இரண்டையும் ஒரே முறையில் அடைக்கவோ முடியாது. எனவே இரு கண் உடையது சாகாது. ஒரு கண் உடையது, சுற்றிலும் வளைக்கப்பட்டு இரண்டாம் கண் அமைக்க இடமும் இல்லை என்றால், மூச்சு மூன்று இருந்தாலும் நான்கு இருந்தாலும் செத்ததே. அதைப் பிடித்து முடிக்க எதிராளி காய் செலவிட வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்ததும் அப்படியே எடுத்துக்கொள்வார்.

இதில்தான் நாங்கள் இடறினோம். பரமபதத்தில் மேல் கட்டத்தை அடைந்தால் முடிந்தது. சதுரங்கத்தில் அரசன் அகப்பட்டால் முடிந்தது. கோவில் அப்படி ஓர் அடையாளம் இல்லை. இனி ஆடுவதால் பயனில்லை என்று ஒருவர் கருதினால் ‘பாஸ்’ என்பார். மற்றவரும் அடுத்துப் ‘பாஸ்’ என்றால் முடிந்தது. அதன்பின் எந்தக் காய் செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று இருவரும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். நடுவர் வந்து சொல்வதில்லை. ஜப்பானிய முறையில் வளைத்த வெற்றுச் சந்திகளையும் பிடித்த காய்களையும் கூட்டிக் கணக்கிடுவர். முதலில் ஆடுவதால் கறுப்புக்கு உள்ள ஆதாயத்தைச் சரிக்கட்ட, இக்காலத்தில் ஜப்பானிலும் கொரியாவிலும் முறையான போட்டிகளில் வெள்ளைக்கு 6½ புள்ளி தருகின்றனர். எங்கள் அலுவலக மொழியில் ஈட்டுப்படி எனலாம். அரைப்புள்ளி இருப்பதால் சமன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மகள் ‘பாஸ்’ என்பாள். அலுவலகம் செல்பவர் மேலும் ஒரு காய் வைப்பார்.

“அவை செத்துவிட்டன, அப்பா.”

“மூச்சு இருக்கிறதே! எண்ணிப் பார், மூன்று.”

“இருக்கிறது. கண் ஒன்றுதான்.”

“நீ ஏதாவது தவறு செய்தால்?”

“செய்ய மாட்டேன்.”

ஜூலை முழுவதும் இவ்வாறே கழிந்தது. அவர் ஒருநாள் எங்கோ படித்துவிட்டு வந்து 1945-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றைச் சொன்னார். ஜப்பானின் ஹொனின்போ பட்டத்துக்கான போட்டி. பட்டத்தை உடைய ஹஷிமோதோ உதாரோவும் அறைகூவிய இவாமோதோ கவோருவும் ஹிரோஷிமாவின் புறநகர் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தனர். ஆகஸ்டு 6 காலை, நகரின்மேல் அணுகுண்டு விழுந்தது. அதிர்ச்சியில் கண்ணாடிகள் உடைந்தன, காய்கள் சிதறின. நகருக்குள்ளேயே ஆடியிருந்தால் இருவரும் மாண்டிருப்பர். சிதறிய காய்களை மீண்டும் முன்போல் அடுக்கி, அன்றே ஆட்டத்தைத் தொடர்ந்து முடித்தனர். ஹஷிமோதோ 5 புள்ளியில் வென்றார். “குண்டு விழுந்த பின்னும் ஆட்டத்தை விடவில்லை, பார்த்தாயா!” என்றார் எங்களவர். யாரைக் குறித்துச் சொல்கிறார் என்பது கூலருக்கும் தெரிந்திருக்கும்.

மகள் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, லீ செடோலைப் பற்றிச் சொன்னாள். கொரியாவின் பெரும் வீரர். 2016 மார்ச் மாதம் சோல் நகரில் ஆல்பாகோ என்னும் கணினி நிரலோடு 5 ஆட்டம் ஆடினார். முதல் மூன்றும் தோல்வி. நான்காம் ஆட்டத்தில், 78-ஆவது முறையில், யாரும் எதிர்பாராத இடத்தில் ஒரு காய் வைத்து வென்றார். ஐந்தாவதும் தோல்வி. 2019 நவம்பரில், 36 வயதில், தொழில்முறை ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றார். மனிதருள் முதல்வனாக ஆனாலும் தோற்கடிக்க இயலாத ஒன்று இருக்கிறது என்று காரணமும் கூறினார். “அவருக்கு ஆடத் தெரியாமலா விட்டார்?” என்று கேட்டாள். பெரிய போட்டிகளில் பெரும்பாலான ஆட்டங்கள் புள்ளி எண்ணும் வரை போவதே இல்லை என்றும், தோற்பவர் தாமே தோல்வியை ஒப்புக்கொண்டு முடித்துவிடுவார் என்றும் சொன்னாள்.

நாங்கள் இருவரும் அன்றிரவு அதிகம் பேசவில்லை. பி.ஏ. படித்துவிட்டு அலுவலகத்தில் பிறர் எழுதிய குறிப்புகளைப் படியெடுத்தே வயது போய்விட்டது என்று எங்களவருக்கு ஒரு மனக்குறை உண்டு. மகளின் வெள்ளை அங்கியால் அக்குறையைத் தீர்த்துக்கொள்ள எண்ணியிருந்தார் என்பதை அவர் சொல்லாமலே வீட்டில் எல்லாரும் அறிவர்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை. வெளியே நல்ல மழை. அவர் புளியங்கொட்டை, அவள் சோழி. கீழ் வலது மூலையில் அவருடைய ஏழு காய்கள் வளைபட்டுக் கிடந்தன. மகள் ‘பாஸ்’ என்றாள். அவர் பேசாதிருந்தார்.

“நம்பிக்கை இல்லையென்றால் சீன முறையில் எண்ணுவோம், அப்பா. அதில் பலகையில் நிற்கும் காய்க்கும் புள்ளி உண்டு. கூடுதலாக ஆடிப் பார்த்தால் இருவருக்கும் நட்டமில்லை. ஆடிப் பாருங்கள், நான் எத்தனை முறை வேண்டுமானாலும் பதில் ஆடுகிறேன்.”

ஆடிப் பார்த்தார். உள்ளே ஒன்று வைத்தார். அவள் எதிரே ஒன்று வைத்தாள். இன்னொன்று வைத்தார், அவளும் வைத்தாள். அவள் குரலில் சலிப்பும் இல்லை, வெற்றிக் களிப்பும் இல்லை. அரிசியில் கல் பொறுக்குபவள்போல் பொறுமையாக ஆடினாள். ஐந்தாம் முறையில் மூச்சு ஒன்றே எஞ்சியது. அவர் கையில் இருந்த புளியங்கொட்டையைக் கீழே வைத்துவிட்டு, “பாஸ்” என்றார்.

பிறகு, பலகையைப் பார்த்தபடியே, பயிற்சி நிலையம் ஒன்றில் மூன்றாம் முறைக்காக ரூ.20,000 முன்பணம் கட்டிவிட்டதைச் சொன்னார். கட்டியது ஜூன் மாதமே, அவளைக் கேட்கவில்லை. அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. செத்த காய்களைப் பொறுக்கி ஒரு பக்கம் குவித்தாள். பிறகு தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். பட்டப்படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வை மே மாதமே எங்களிடம் சொல்லாமல் எழுதியிருக்கிறாள். ஊரிலிருந்து பாட்டி அனுப்பிய பணத்தில் கட்டணம் கட்டியிருக்கிறாள். புவியியல் பாடத்துக்கு இடம் வந்திருக்கிறது. ஒத்துக்கொள்ள இன்னும் இரண்டு நாள்.

எங்களுள் வீட்டை ஆள்பவருக்கு இரண்டு செய்தியும் முன்பே தெரியும். வங்கிப் புத்தகத்தை அடுக்கி வைப்பவரும் அவரே. மகளின் அலமாரியைத் துடைப்பவரும் அவரே. ஏன் சொல்லவில்லை என்று இருவரும் ஒரே குரலில் கேட்டதற்கு, “என்னை யாரும் கேட்கவில்லை” என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்கப் போய்விட்டார்.

புள்ளியை எண்ணி முடித்தபோது அவள் 13-இல் வென்றிருந்தாள்.

முன்பணம் திரும்பி வரவில்லை. இரண்டு முறை நேரில் போய்க் கேட்டோம். படிவத்தின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார்கள். அவள் கல்லூரிக்குப் பேருந்தில் போய் வருகிறாள். மண், மழை, ஆற்றுப்போக்கு என்று ஏதேதோ வரைந்துகொண்டு வருகிறாள். ஞாயிறு மாலைகளில் ஆடுகிறோம். 9 கோட்டை நாங்கள் இன்னும் தாண்டவில்லை. அவளோடு ஆடும்போது எங்களுள் ஒருவருக்கு 3 காய் முன்சலுகை. ஆடுபுலி தெரிந்தவருக்கு 2 போதும். காலண்டர்த் தாள் மடிப்பில் கிழிந்து இருமுறை ஒட்டியாயிற்று. சோழிகளுள் ஒன்று காணாமற் போய்விட்டது. அதற்குப் பதிலாக அலுவலகச் சட்டையிலிருந்து உதிர்ந்த வெள்ளைப் பொத்தான் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது.